கழுவின அழுக்கு எங்கே போகும்?

"அண்ணா, இதை ஊத்தலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டபடி ஒரு சின்ன டப்பாவை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான் தம்பி. கூடப் பிறந்த தம்பி இல்லை. நாலு வீடு தள்ளித் தறி போட்டிருப்பவன். 2008-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறான். பாவும் ஊடையும் நெய்து முடித்த சேலையும் அதில்தான் சேவூருக்கும் ஆரணிக்கும் போய் வருகின்றன. கிலோமீட்டர் காட்டும் எண் எப்போதோ நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக எஞ்சினில் ஒரு கடகட சத்தம். உதிரி பாகக் கடையில் இந்த எஞ்சின் ஃப்ளஷ் டப்பாவைக் கொடுத்து, பழைய ஆயிலோடு ஊற்றிப் பத்து நிமிஷம் ஓடவிட்டு வடித்தால் உள்ளே எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரே வார்த்தையில் சொல்கிற விஷயமில்லை. இன்னும் இரண்டு டீ சொன்னேன்.

"சாயம் போடறதுக்கு முன்னாடி பட்டு நூல்ல பசை எப்படி எடுக்கறாங்க?"

"சோப்பும் கொஞ்சம் சோடாவும் போட்டுக் கொதிக்க வெப்பாங்க. பசை தண்ணியில எறங்கிடும். தண்ணியக் கொட்டிட்டு நூலை அலசுவாங்க. இது தெரியாதா உனக்கு?"

தெரியும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால்வாசி அந்தப் பசைதான், செரிசின் என்பார்கள். அது போனால்தான் நூல் மினுக்கும், சாயம் பிடிக்கும். சோடா கூடிப்போனாலோ நூலே நைந்துவிடும். காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டால் பட்டு மொத்தமும் கரைந்து போகும். மருந்துக்குப் பசை எது, நூல் எது என்று தெரியாது. சட்டிக்கு முன்னால் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

"சரி. அந்தப் பசைத் தண்ணியக் கொட்டாம, ஊசிக் காது மாதிரி ஒரு குழாய் வழியா மறுபடி மறுபடி நூல் மேலயே ஓட வுட்டா இன்னா ஆவும்?"

கிளாஸைக் கீழே வைத்தான்.

எஞ்சினுக்குள் நடப்பது அதுதான். ஃப்ளஷ் என்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஒரு கரைப்பான். அதோடு அழுக்கைப் பெயர்க்கும் மருந்து கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஆயிலில் கலந்ததும் ஆயில் இளகிவிடும். சுவரில் ஒட்டியிருந்த கறுப்புக் களிம்பு பெயரும். ஆனால் பெயர்ந்தது உடனே வெளியே வந்துவிடாது. அடியில் இருக்கும் ஆயில் பம்ப் அதையும் சேர்த்து உறிஞ்சி மேலே அனுப்பும். நன்றாகக் கரைந்திருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் பம்புக்கு முன்னால் இருக்கும் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறும் வழியும் குறுகல்தான். அது அடைத்தால் எஞ்சின் வறண்டு ஓடும். முதலில் சத்தம் வரும், பிறகு தேய்மானம், கடைசியில் பிடித்துக்கொள்ளும்.

கார்களில் இதைத் தடுக்கக் காகித ஃபில்டர் ஒன்று இருக்கிறது. ஸ்ப்ளெண்டர் மாதிரியான நூறு சிசி வண்டிகளில் அது கிடையாது. கீழே ஒரு கம்பிச் சல்லடை. கிளட்ச் பக்கம் கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுழலும் ஒரு கிண்ணம். அது சுழலும் வேகத்தில் ஆயிலில் இருக்கும் கனமான துகள்கள் ஓரமாக ஒதுங்கி ஒட்டிக்கொள்ளும். எளிய ஏற்பாடு, அருமையான ஏற்பாடு. வருஷக்கணக்காகச் சேர்ந்த அந்த அழுக்கு, கிண்ணத்தில் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. கரைப்பானை ஊற்றி அதை ஏன் கிளப்ப வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த வண்டியில் ஃப்ளஷ் ஊற்றினால் பெரிதாகக் கெடுதல் வராது. அங்கே பெயர்ப்பதற்கே ஒன்றும் இருக்காது. களிம்பு கட்டிக் கிடக்கும் வண்டிக்குத்தான் சுத்தம் தேவை, அதற்குத்தான் ஃப்ளஷ் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. எஞ்சின் ஓரளவு சுத்தமாக இருந்து, பிஸ்டனின் ஆயில் ரிங் மட்டும் பிசினில் ஒட்டிக்கொண்டு ஆயில் குடிக்கும். அதில் ஃப்ளஷ் ரிங்கை இளக்கிவிடுவது உண்டு. வெளியிலிருந்து பார்த்து இது அந்த வகைதான் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பழைய வண்டியில் ரப்பர் சீல்களையும் பார்க்க வேண்டும். அவை இறுகிச் சுருங்கியிருக்கும். இடைவெளியை அழுக்கே அடைத்துக்கொண்டிருக்கும். கழுவிவிட்டால் ஆயில் கசியும். பழி ஃப்ளஷ் மேல் விழும், ஆனால் சீல் போய் வெகு நாளாகியிருக்கும்.

மருந்தின் குணம் எனக்குப் புரிந்தது ஒரு டிவிஎஸ் 50-இல். டூ-ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்ஸர் உள்தட்டில் கரி அடைத்துக்கொள்ளும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் கழன்று வரும். சைலன்ஸர் இரும்பு, தாங்கும். பள்ளிக்கூட வயதில் எனக்கு ஓர் அதிபுத்தி: சிலிண்டர் ஹெட்டிலும் கரி இருக்கிறதே என்று அதையும் அதே வாளியில் போட்டேன். ஹெட் அலுமினியம். போட்ட உடனே சோடா கலர் மாதிரி குமிழ் பொங்கியது. நான் கரி கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். எடுத்துப் பார்த்தால் மேல்பரப்பு முழுக்க அம்மைத் தழும்பு. அப்பா ஒரு வாரம் சைக்கிளில் போனார்.

பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் வேறு சங்கதி. அதில் மோசடி மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். பாலிஈதர்அமீன் சேர்ந்த நல்ல சரக்கு, இன்ஜெக்டரில் படிந்ததை உண்மையாகவே எடுக்கும். அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் அழுக்கு நீக்கி கலந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு மட்டும் உள்ள பெட்ரோலையும், கூடுதலாகக் கலந்த பெட்ரோலையும் அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் சோதித்தபோது, முதல் வகையில் சராசரியாக 19 மடங்கு படிவு சேர்ந்திருந்தது. ஆனால் தம்பியின் வண்டியில் இருப்பது கார்புரேட்டர். அதன் பைலட் ஜெட் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது முழுக்க அடைத்துவிட்டால் பெட்ரோலே போகாது. பெட்ரோலோடு போகும் மருந்து மட்டும் எப்படிப் போகும்? கழற்றிக் காற்றடிப்பதுதான் வழி. கம்பி விட்டுக் குத்தக் கூடாது, பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் ஸ்ப்ரே அடிப்பதானால் ரப்பர் வளையங்களை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

கேட்காமலே ஒரு கிளீனர் நம் டேங்குக்குள் வந்துகொண்டிருப்பதையும் சொன்னேன். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை நாடு 2025-இல் எட்டியது. எத்தனாலும் ஒரு கரைப்பான்தான். பழைய டேங்கின் அடியில் படிந்திருக்கும் பிசினை இளக்கி ஜெட்டுக்கு அனுப்பும், ஈரத்தையும் இழுக்கும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ரப்பர் குழாய்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. குழாயை அமுக்கிப் பார்த்து, விறைத்திருந்தால் மாற்றுவது டப்பா விலையில் பாதிகூட ஆகாது.

"அப்போ என் வண்டிக்கு இன்னாதான் பண்றது?"

நல்ல ஆயிலிலேயே அழுக்கைக் கழுவும் மருந்தும், கழுவியதைத் துகளாக மிதக்க வைக்கும் மருந்தும் இருக்கின்றன. ஆயில் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஆகவே புது ஆயில் ஊற்றி, ஐந்நூறு கிலோமீட்டரில் வடித்து, மறுபடி புதுசு. இப்படி இரண்டு மூன்று தடவை. ஆயில் டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்ற தரக்குறி போட்டிருக்க வேண்டும். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. வழவழப்புக் கூட்டுகிற கார் மருந்து எதையாவது சேர்த்தால் கிளட்ச் வழுக்கும். அதற்கெல்லாம் முன்னால், சல்லடையையும் சுழல் கிண்ணத்தையும் கையாலேயே துடைத்துவிட வேண்டும்.

சாயங்காலம் மெக்கானிக் பாயிடம் போனோம். வலது பக்க மூடியைக் கழற்றி, கிண்ணத்தின் சின்ன மூடியையும் திறந்தார். ஓரம் முழுக்கக் கறுப்பு மெழுகு. மூங்கில் சிம்பால் சுரண்டி எடுத்துத் தம்பியின் விரலில் வைத்தார். அவன் தேய்த்துப் பார்த்தான். "நறநறங்குதே, பாய்."

"மருந்து ஊத்தியிருந்தா இது மேல ஏறியிருக்கும்பா."

டப்பாவைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பாய் அதை வாங்கித் தட்டில் ஊற்றி, கழற்றிய சல்லடையையும் மூடிகளையும் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். ஐந்து நிமிஷத்தில் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. கறுத்த திரவத்தைப் பழைய ஆயில் டின்னில் கொட்டினார்.

"நல்லாத்தான் வேலை செய்யுது, அண்ணா" என்றான் தம்பி.