இடமில்லை என்று சொன்ன கணிப்பொறி

மனிதன் நிலவில் கால் வைத்த வரலாற்றை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் இறங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், அந்தக் கலத்தின் கணிப்பொறி எழுப்பிய எச்சரிக்கையை நம்மில் பலர் அறியோம்.

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் 'ஈகிள்' கலத்தில் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் 1202 என்ற எண் கணிப்பொறியில் தோன்றியது. 'புதிய வேலைக்கு நினைவகத்தில் இடமில்லை' என்பதே அதன் பொருள்.

இது எவ்வாறு நேர்ந்தது? அக்கணிப்பொறியில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 எண்களை மட்டுமே கொள்ளும். வேலைகளை மேற்பார்வையிடும் தலைமை நிரல், ஒவ்வொரு வேலைக்கும் 12 எண்கள் கொள்ளும் ஓர் இடத்தை ஒதுக்கும். வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெறும். அன்றோ, இறங்குவதற்குத் தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து வந்த வீண் துடிப்புகள் கணிப்பொறியின் நேரத்தை விழுங்கின. பழைய வேலைகள் முடியுமுன் புதியவை வந்து சேர்ந்தன. இடங்கள் யாவும் நிரம்பிவிட்டன.

நல்ல வேளையாக, நிரலை எழுதியவர்கள் இதற்கு வழி செய்திருந்தார்கள். மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி அக்குழுவின் தலைவர்களுள் ஒருவர். இடம் தீர்ந்ததும் கணிப்பொறி எல்லா இடங்களையும் காலி செய்தது. இன்ஜினையும் கலத்தின் திசையையும் கவனிக்கும் வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, அவசரமற்றவற்றைக் கைவிட்டது.

பூமியில், ஹூஸ்டன் நகரில், இறங்கலாமா திரும்பலாமா என்று சொல்லவேண்டிய பொறுப்பு 26 வயதான ஸ்டீவ் பேல்ஸுடையது. சில வாரங்களுக்கு முன் நடந்த ஓர் ஒத்திகையில் இத்தகைய எச்சரிக்கையைக் கண்டு, தேவையின்றி இறங்குவதைக் கைவிட்டிருந்தனர். அதன்பின் 24 வயதான ஜாக் கார்மன், ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் என்ன செய்யவேண்டும் என்று பட்டியல் எழுதி வைத்திருந்தார். விடாமல் வந்துகொண்டே இருந்தால்தான் ஆபத்து என்று அதிலிருந்து தெரிந்தது. "இறங்கலாம்" என்ற விடை உடனே சென்றது. இத்தகைய எச்சரிக்கை மொத்தம் 5 முறை வந்தும், கலம் நலமாகத் தரை இறங்கியது.

இன்றைய லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகளின் உட்கருவும், நினைவகத்தில் இடம் கிடைக்காதபோது, எந்த வேலை எவ்வளவு இடம் கேட்டது என்று எச்சரிக்கை எழுதுகிறது. அதைப் படித்து ஆவன செய்வது மனிதரின் கடமை.

நெருக்கடியில் எதை விடுவது, எதைக் காப்பது என்பதை அமைதியான நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். தோழியரே, தேர்வு நெருங்கும் நாட்களில் நமக்கும் இது உதவுமன்றோ!