களவு போன நோட்டுக்குச் சர்க்கார் ஈடு தருமா?

சேலை விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குப் பஸ்ஸில் திரும்பும் நெசவாளரும், நெல் விற்ற ரொக்கத்தைப் பானைக்குள் வைக்கும் விவசாயியும் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. மத்திய சர்க்காரின் உத்தரவாதம் நோட்டிலேயே அச்சாகியிருக்கிறதே. அது திருடு போனாலும், கள்ள நோட்டு என்று தெரியவந்தாலும் சர்க்கார்தானே ஈடு செய்யவேண்டும்?

கேள்வி நியாயமானதே. ஆயினும் சட்டம் வேறு வழியே செல்கிறது. காணாமற்போன, களவுபோன, சிதைந்த நோட்டின் மதிப்பை மத்திய சர்க்காரிடமோ ரிசர்வ் வங்கியிடமோ உரிமையாகப் பெற எவராலும் இயலாது என்று 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 28ஆவது பிரிவு கூறுகின்றது. சிதைந்த நோட்டுக்கு மட்டும், உரிமையாக அன்றிச் சலுகையாக, 2009ஆம் ஆண்டு விதிகளின்படி மாற்று உண்டு. கறையான் அரித்த நோட்டு 50 ரூபாயோ அதற்கு மேற்பட்டதோ ஆயின், எஞ்சிய ஒரே துண்டு 80 சதவீதத்துக்கு அதிகமாயிருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 வரையாயின் பாதி. பானையில் வைத்தவருக்கு இது ஓரளவு ஆறுதல். பஸ்ஸில் பறிகொடுத்தவருக்கு ஒன்றுமில்லை.

கள்ள நோட்டின் கதை இன்னும் கடுமையானது. வங்கியில் செலுத்தினால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது தருவார்கள். கணக்கில் வரவு வைப்பதில்லை. நோட்டைத் திருப்பித் தரவும் கூடாது. ஒரே தடவையில் நான்கு வரை இருந்தால் மாதாந்திர அறிக்கையில் போலீஸாருக்குத் தெரிவிப்பர். ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். நாமறிந்த நெசவாளர் ஒருவர் இவ்வாறு இரண்டு 500 ரூபாய் நோட்டுகளை இழந்தார். "நான் அச்சடிக்கவில்லையே, ஐயா!" என்றார். காசாளரிடம் பதில் இல்லை. பிறரிடம் தள்ளிவிட்டிருக்கலாமே என்று அவருக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு! கள்ள நோட்டென்று அறிந்தே செலாவணி செய்வோருக்கு, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது.

கள்ள நோட்டுக்கு ஈடு கொடுத்தால் அச்சடித்தவனே முதலில் வரிசையில் நிற்பான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நட்டம் முழுவதும் கடைசியாகக் கையில் வைத்திருந்த ஏழையின் தலையில் விழுவது நம் மனத்தை உறுத்துகிறது. பணம் எண்ணும் இடமெங்கும் நோட்டைச் சோதிக்கும் இயந்திரம் இருக்கவேண்டுமெனக் கேட்பது மிகையாகாது.

பத்திரங்களில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1986இல் வெளியான இந்திரா விகாஸ் பத்திரத்தில் உடைமையாளர் பெயர் இல்லை. தொலைந்ததற்கு நகல் கேட்டு நடந்த வழக்கில், அது ரொக்கம் போன்றதே, மாற்று இல்லை என்று 2006இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெயர் பதிவாகும் தேசிய சேமிப்புப் பத்திரம் களவு போனாலோ, ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துத் தபாலாபீசில் நகல் பெற வழியிருந்தது. 2016 முதல் அச்சிட்ட பத்திரமே இல்லை, எல்லாம் கணக்கில்தான்.

திருடு போன ரொக்கத்தைப் போலீஸார் மீட்டால், அதைப் பெற மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுச் செய்யவேண்டும். நோட்டுகளின் எண்களையேனும் குறித்து வைத்திருந்து, சங்கத்தின் விற்பனைச் சீட்டையும் மனுவோடு இணைத்தால், பணம் தம்முடையதே என்று காட்டுவது எளிதாகும்.