சூளைக்குக் காவல்: அன்றும் இன்றும்

ஊரப்பாக்கத்தில் காலி மனைகள் நிறைய இருந்த காலத்தில் கொல்லையில் விறகுச் சூளை மூட்டினால் கேட்க ஆளில்லை. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் பக்கத்து மனையிலெல்லாம் அடுக்குமாடி. புகை கிளம்பினால் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் பஞ்சாயத்துதான். வீட்டில் வனைகிறவர்களுக்கு மின்சூளையே கதி.

பழைய மின்சூளையில் இருந்தது ஒரு சிம்மர்ஸ்டாட். கரண்ட் அடுப்பில் இருக்கும் அதே குமிழ். அது வெப்பத்தை அளக்காது. கம்பிச்சுருளுக்கு எவ்வளவு நேரம் கரண்ட் போக வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. மீதியெல்லாம் மனிதக் காவல். 100 டிகிரியை அவசரமாகத் தாண்டினால் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் பானை வெடிக்கும். 573-ல் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் உருமாறிச் சட்டென்று விரியும், இறங்கும்போது சுருங்கும். அங்கே நிதானம் தவறினால் விரிசல். மணிக்கொரு தரம் குமிழைக் கூட்டி, நோட்டில் குறித்து, இரவில் கண் துவாரம் வழியே கோன் எனப்படும் சிறு மண்கூம்பு சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். கோன் ஜெர்மானியர் ஹெர்மன் சேகர் 1886-ல் கொண்டுவந்தது. எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் அந்தச் சூடு என்பதையும் சேர்த்துக் காட்டும்.

இன்று மின்ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் காவல்காரரைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம்: ஒரு ஆர்டுயினோ, சூட்டை உணரும் கே வகை தெர்மோகப்பிள், அதைப் படிக்கும் சிப், கரண்டை விட்டு நிறுத்தும் எஸ்.எஸ்.ஆர். எனப்படும் சாலிட் ஸ்டேட் ரிலே. மலிவாகக் கிடைக்கும் மேக்ஸ்6675 சிப் 1024 டிகிரியோடு நின்றுவிடும். முதல் சுடுதலுக்குப் போதும். 1240-க்கு மேல் போகும் ஸ்டோன்வேர் கிளேஸுக்கு மேக்ஸ்31855 வேண்டும்.

கோட்டை விடும் இடம் ஒயரில்தான். தெர்மோகப்பிள் தருவது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அதற்குரிய கே ஒயர் தீர்ந்துவிட்டதென்று சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டுப்போட்டால், ஒட்டு 70 டிகிரியிலும் கருவிப் பெட்டி 35-லும் இருக்கும்போது கருவி 35 டிகிரி குறைத்துக் காட்டும். சூளையோ அந்த அளவு கூடுதலாக ஏறி, கிளேஸ் வழிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வம்பு: அமெரிக்க வண்ண முறையில் சிவப்பு ஒயர்தான் நெகட்டிவ். நம் எலக்ட்ரீஷியன் கை பழக்கத்தில் மாற்றித்தான் போடும். போட்டால் சூளை ஏற ஏற எண் இறங்கும். கன்ட்ரோலரும் விடாமல் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

6 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் 26 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கும் எஸ்.எஸ்.ஆரில் மட்டுமே 30 வாட்டுக்கு மேல் சூடாகக் கழியும். நம் மே மாதத்தில் நல்ல ஹீட் சிங்க் இல்லாமல் அது பிழைக்காது. பழுதானால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். புரோகிராம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

இரவுத் தூக்கம் மிச்சம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் உள்ளே ஒரு கோன் வையுங்கள். எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் ஒரு காண்டாக்டரைப் போட்டு, தனித் தெர்மோகப்பிளோடு வேறொரு கருவி அதைத் துண்டிக்கும்படி வையுங்கள். மெயின் இணைப்பை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனே கொடுக்கட்டும்.