குழல் மாறினால் துப்பாக்கியே மாறும்

பழவேற்காட்டுத் துணி ஐரோப்பா வரை போன கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதே ஊரிலிருந்து கப்பலேறிய இன்னொரு சரக்கு கரிமருந்து. 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் அங்கே வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்த மருந்து படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனது. கோட்டை இப்போது இடிபாடு. ஆனால் அந்த மருந்தை நம்பியே வாழ்ந்த ஒரு கருவி, வாய்வழியாகக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, தமிழ்நாட்டின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. உரிமத்தில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதியிருப்பார்கள்: ஒற்றைக்குழல், வாய்வழி கெட்டிப்பு.

நரிக்குறவர் தோளில் நாம் தொங்கக் கண்டதும் இதைத்தான். விவசாயிகள் பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கி வைத்திருந்ததும் இதைத்தான். இதன் கட்டையை மாற்றலாம், சுத்திபோல் மோதும் குதிரையை மாற்றலாம், விசையைச் செப்பனிடலாம். துப்பாக்கி அதுவாகவே இருக்கும். குழலில் கைவைத்தால் மட்டும் நிலைமை வேறு. ஏன் என்று பார்க்க, முதலில் அது வெடிக்கும் விதம் தெரிய வேண்டும்.

குழலின் பின்முனை மூடியிருக்கும். திருகி இறுக்கிய ஓர் இரும்பு அடைப்பு அது. வாய்வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் துணியோ நாரோ வைத்து, பிறகு ரவையையோ ஈயக்குண்டையோ போட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். பின்முனையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. அதன் மேலுள்ள முளையில், மோதினால் வெடிக்கும் கேப்பு. குதிரை கேப்பில் மோதியதும் தீப்பொறி துளை வழியாக உள்ளே பாய்கிறது. மோதினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் இந்த உத்திக்கு 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அதற்கு முன் திரியும் சக்கிமுக்கிக் கல்லும்தான்.

குழலின் எமன் அதற்குள் போடும் மருந்தேதான். கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கு மேல் வாயுவாவதில்லை, திடப்பொருளாகவே நிற்கிறது. அதில் கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியேற, மீதி உட்சுவரில் படிகிறது. அந்தப் படிவு பொட்டாசியம் உப்புகளால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும் என்பதைப் பழவேற்காட்டுக் குப்பங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். நங்கூரமும் ஆணியும் எஞ்சினும் துருப்பிடிக்கும் காற்று. அந்தக் காற்றில், சுட்டபின் கழுவாமல் விட்ட குழல் தாக்குப்பிடிக்காது.

எண்ணெய் பூசினால் போதும் என்று நினைப்பது தவறு. உப்பு எண்ணெயில் கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கோலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய் பூச வேண்டும். அந்த வெந்நீரும் உப்புநீராக இருக்கக் கூடாது, நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

கழுவும்போது கோல் சரியாக எட்டாத இடம் பின்முனை அடைப்பின் ஓரம். அரிப்பு தொடங்குவதும் அங்கேதான். வெடிக்கும்போது அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடமும் அதுவே. சுடுபவர் முகம் இருப்பதும் அதன் பக்கத்தில்தான். வெளியே பளபளவென்று இருக்கும் குழல் உள்ளே மெலிந்திருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய குழல்களில் பல, இரும்புப் பட்டையை ஒரு தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டியவை. அழகான வேலைதான். ஆனால் ஒட்டின இடம் ஒவ்வொன்றும் அரிப்பு நுழையக்கூடிய இடம்.

வேட்டைத் துப்பாக்கியில் இரண்டு வகைக் குழல் உண்டு. நம்மூர் நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் உள்ளே வழவழப்பானது. ரவை சிதறிப் பறவைகள்மேல் படுவதற்கு அதுவே பொருத்தம். ரைஃபிளின் உள்ளே சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு பம்பரம்போலச் சுழன்று, திசை மாறாமல் போகும். 1857 கிளர்ச்சியின் தோட்டாக்களால் பேர்போன என்ஃபீல்டு ரைஃபிளில் மூன்று பள்ளங்கள். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் நீளமோ 39 அங்குலம். உள்ளே அரைச் சுற்றுதான் சுற்றி வெளியேறுகிறது குண்டு. அதுவே பல நூறு கஜம் தாங்குகிறது.

பள்ளங்கள் தேய்ந்துவிட்டால் அந்தக் காலக் கொல்லர்கள் உடனே குழலைத் தூக்கி எறிந்துவிடவில்லை. உள்ளே சற்றுக் கடைந்து அகலமாக்கி, பள்ளங்களைப் புதிதாக வெட்டி, பெரிய குண்டுக்கு அச்சும் செய்து கொடுத்தார்கள். கடைந்து கடைந்து சுவர் மெலிந்த பிறகுதான் புதுக்குழல்.

புதுக்குழல் பொருத்துவதில் பொறுமையான வேலை மரத்தில். குழல் படுக்கும் பள்ளம் அதன் முழு நீளத்துக்கும் ஒட்டி அமைய வேண்டும். குழலின் அடிப்பக்கம் விளக்குக் கரியைப் பூசி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் கரி ஒட்டிய இடமே மேடு. அதை மட்டும் மெல்லச் சீவி, மறுபடி கரி பூசி, மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். அவசரப்பட்டுச் சீவினால் மரம் திரும்ப வராது. பின்முனை அடைப்பு இடைவெளியின்றி உட்கார வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் படிவு அங்கே தங்கி, அடுத்த அரிப்புக்கு வித்தாகும். கேப்பு முளை குதிரையின் வாய்க்கு நேராக வர வேண்டும். கடைசியில் குறிமுள்ளைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

இத்தனை செய்தும் வேலை முடியவில்லை. குழலைச் சோதனை வெடிக்கு உட்படுத்த வேண்டும். வழக்கமான அளவுக்கு மேல் மருந்து வைத்து, ஆள் அருகில் இல்லாமல் வெடித்துப் பார்ப்பது இது. பர்மிங்காமில் இதற்கென்றே 1813இல் சட்டப்படி ஒரு சோதனைக்கூடம் ஏற்பட்டது. தாங்கிய குழலில் மட்டும் முத்திரை குத்துவார்கள். கள்ளத்தனமாகச் செய்யும் துப்பாக்கிகளில் தண்ணீர்க் குழாயைக் குழலாக்குகிறார்கள். அந்தக் குழாய் தண்ணீரின் அழுத்தத்துக்குச் செய்தது, வெடியின் அழுத்தத்துக்கு அல்ல. அது வெடித்தால் போவது கை, கண், சில வேளை உயிர்.

சட்டமும் குழலைத்தான் துப்பாக்கியின் உயிராகப் பார்க்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதற்குத் தனியே தடை இருக்கிறது. அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்கவும் கைமாற்றவும் கூடாது. எனவே உரிமமில்லாத பட்டறையில் கொடுத்து ஒரு குழலை மாற்றி வாங்குவது சிறு மராமத்து அல்ல, குற்றம்.

மாற்றித்தான் என்ன செய்வது? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை உரிமம் என்பதே இல்லாமல் போனது. பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரைக்கும் ஊசிவால் வாத்துக்கும் அந்த ஏரியில் இருக்கும் உரிமை சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வேட்டையை விட்டவர்களுக்கு வேறு பிழைப்பு கொடுக்கத் தாமதித்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்தால், உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈரம்படாத கரிமருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும். விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், குழலைக் குடையாதீர்கள், தீக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளர் வழியாக மருந்தை எடுக்கச் செய்யுங்கள். அது பழம்பொருளாக மதிப்புள்ளது என்று தோன்றினால், எழும்பூர் அரசு அருங்காட்சியகம்போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள். சுடுவதற்காகப் புதுக்குழல் தேடி மட்டும் அலையாதீர்கள்.