நடைவண்டியின் மஞ்சள்

பல் முளைக்கிற குழந்தை நடைவண்டியைத் தள்ளுவதற்கு முன்னால் கடிக்கும். மேல் குறுக்குக்கட்டையில் ஈறை வைத்து அழுத்தி, எச்சில் வழியச் சுவைக்கும். எங்கள் திருப்பூர் மண்ணரையில் போன வாரம் அப்படி ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பட்டறையில் வெறும் மரமாக வாங்கி, கம்பெனி விட்டு வந்த இரண்டு இரவுகள் உட்கார்ந்து, மஞ்சள் பூசி, பூ வரைந்து, அக்கா குழந்தைக்குச் சித்தி கொடுத்த பரிசு. கட்டையில் நாலு பல்தடம். அந்த இடத்தில் மஞ்சள் இல்லை, மரம் தெரிந்தது.

“என்ன பெயிண்டு கண்ணு இது?” என்றேன்.

“மஞ்சள்னு கேட்டேனுங்க்கா. தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க.”

அந்த பாட்டிலில் ஒரு எழுத்தும் இல்லை. எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்காகப் பெயிண்டில் ஈய குரோமேட் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். காய்ச்சலோ வாந்தியோ வந்து காட்டிக்கொடுக்காது. மூளை வளர்ச்சியையும் படிப்பையும் சத்தமில்லாமல் அரிக்கும்.

இதற்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டப்பாவிலும் அதை அச்சிட்டிருக்க வேண்டும். தொழிற்சாலை உபயோகத்துக்கான பெயிண்டுகளுக்கு இந்த விதி பொருந்தாது. பாட்டிலில் ஊற்றி வாங்கினால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

நம்மூருக்கு இது புதுப்பாடம் இல்லை. சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றதும் நினைவிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் குழந்தைச் சட்டையில் பிரிண்டுக்கும் பட்டனுக்கும் ஈயச் சோதனை உண்டு. சோதனையில் தவறினால் சரக்கு திரும்பும். அந்தச் சட்டையைத் தைத்த கை வீட்டுக்கு வந்து தன் குழந்தையின் பொம்மைக்குப் பூசும் நிறத்துக்கு மட்டும் ஏன் சோதனை இல்லை? இந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பிரிண்டிங் பட்டறையில் மிஞ்சிய மையை மரத்தில் பூசலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தப் பிளாஸ்டிசால் மை துணியில் பிடிப்பதே சுமார் 160 டிகிரி சூட்டில்தான். மரத்தில் அது காயாது, கையிலும் வாயிலும் ஒட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மெருகேற்றுகிறவர்கள் பனியன் வேஸ்ட்டால் துடைத்து மூலையில் குவித்து வைக்கிறார்கள். எண்ணெய் காயும்போது தானே சூடேறும். குவியலுக்குள் அந்தச் சூடு அடைபட்டால், நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். பெயிண்டில் கலக்கும் தின்னரைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108.

பூச வேண்டும் என்றால் மூடி முத்திரையிட்ட டப்பாவாக, 90 என்ற வாசகம் அச்சிட்டதாக, ரசீதோடு வாங்குங்கள். கரண்டியும் மத்தும் பரிசானால் பிடியில் மட்டும் நிறம், சோறு படும் இடம் வெறும் மரம். ஆந்திராவில் ஏட்டிகொப்பாகா பொம்மைகளில் அரக்கும் தாவரச் சாயமும்தான். அந்த முறையை மீட்ட சி.வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பழைய பெயிண்டைக் காய்ந்தபடி தேய்த்து எடுக்காதீர்கள், தூசியே விஷம். பெயிண்ட் பூசிய கட்டையை அடுப்பிலும் வைக்காதீர்கள். குழந்தை ஏற்கெனவே கடித்துத் தின்றிருந்தால், ரத்தத்தில் ஈய அளவு பார்க்க மருத்துவரிடம் கேளுங்கள்.

வாங்கிய பெயிண்டோ பொம்மையோ சந்தேகமாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை அனுப்பும், அந்தச் செலவை மட்டும் நம்மிடம் கேட்கலாம். அதனால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்.

கையால் செய்து விற்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. 14 வயதுக்குக் கீழுள்ளோர் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு முத்திரைக்குத்தான், குழந்தையின் வயிற்றுக்கு அல்ல.

அந்தச் சித்தி புது நடைவண்டி வாங்கிவிட்டாள். நிறம் பூசவில்லை. உப்புத்தாள் போட்டுச் சிராய் இல்லாமல் தேய்த்திருக்கிறாள். குறுக்குக்கட்டையில் ஏற்கெனவே இரண்டு பல்தடம் விழுந்தாயிற்று.