ஊசி ஓயாத தெரு
பூத்தையல் துணிகள் | ஜூ டவுன், மட்டாஞ்சேரி, கொச்சி

1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெபக்கூடத்துக்குச் செல்லும் தெருவில், தம் வீட்டிலேயே பூத்தையல் கடை நடத்தியவர் சாரா கோஹன். இங்கு உருவானவற்றில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, யூத ஆண்கள் தலையில் அணியும் சிறு குல்லாவான கிப்பா. மற்றொன்று, வெள்ளிக்கிழமை மாலை சப்பாத் (யூதரின் ஓய்வுநாள்) விருந்தில் ஹல்லா ரொட்டிகளை மூடும் துணி. திராட்சை ரசத்துக்கு ஆசி சொல்லி முடியும்வரை ரொட்டி அதன் மறைவில் இருக்கும்.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். சாரா இங்கேயே இருந்தார். 2019 ஆகஸ்ட் 30 அன்று 96 வயதில் மறைந்தார். அவர் பிள்ளைபோலக் கருதிய முஸ்லிம் அன்பர் ஒருவர் கடையைக் காத்துவருகிறார்.

பழந்துணியைக் காப்பது எப்படி?

கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் சாயம் வெளுக்கும். மடிப்பு விழுந்த இடத்தில்தான் இழை முதலில் அறும். ஆகவே மடிக்காமல் சுருட்டி வைப்பார்கள். கிழிசலைப் பசையால் ஒட்டாமல், அடியில் மெல்லிய துணி கொடுத்து நுண்ணிய நூலால் பிடிப்பார்கள்.

உங்கள் வீட்டில் இருக்கும் பழைய பட்டுக் கழுத்து டைக்கும் இதே பக்குவம்தான். துணியைச் சாய்வாக வெட்டி, பின்புறம் தளர்வாகத் தைத்தது அது. அந்தத் தையலைப் பிரித்தால், வெளிச்சம் படாத உள்மடிப்பில் முதல்நாள் நிறம் அப்படியே இருக்கும். இனி அணியாத டை என்றால், அந்தப் பட்டுத் துணியைக் கிப்பாவாகவோ சுருக்குப் பையாகவோ தைத்துக்கொள்ளலாம்.

இங்குள்ள துணிகளைத் தொடாமல் பாருங்கள்: விரலின் எண்ணெய்ப்பசையும் கறையாகும்.