முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் ஆண்ட்ரோஜன் ஏற்பியும் யுபிக்விட்டின் நொதிகளும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் இயக்குநீரைத் தடுப்பதே முதன்மை மருத்துவம். எனினும் நாளடைவில் நோய் அத்தடையை மீறி வளர்கிறது. இயக்குநீரைப் பற்றும் ஏற்பிப் புரதத்தில் அடையாளம் ஒட்டும் நொதிகளுக்கு இம்மீறலில் உள்ள பங்கை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரே அடையாளம் நொதிக்கேற்ப வெவ்வேறு விளைவுகளைத் தருகிறது என்பதே இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: புராஸ்டேட் புற்றுநோய், ஆண்ட்ரோஜன் ஏற்பி, யுபிக்விட்டின், ஸ்பாப், பெரம்பலூர், அரியலூர்.

முன்னுரை

மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரிலும், சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரிலும் உடலுழைப்பே பெரும்பாலோரின் வாழ்வு. எலும்பில் பரவிய புற்றுநோயின் முதுகுவலியை உழைப்பின் வலியென்றும், சிறுநீர்த் தடையை முதுமையின் இயல்பென்றும் கருதிக் காலம் தாழ்த்த இங்கு வாய்ப்பு மிகுதி. நோய் முற்றிய நிலையில் வருவோர்க்கு விரை நீக்க அறுவை மருத்துவம், ஒரே முறைச் செலவில் முடிவதால், இந்தியாவில் இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. இதன் அடிப்படையை 1941இல் நிறுவிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

விரை நீக்கப்பட்ட பின்னும் அட்ரினல் சுரப்பியிலிருந்து சிறிதளவு ஆண் இயக்குநீர் கிடைக்கிறது. புற்றணுக்கள் ஏற்பியைப் பெருக்கிக்கொண்டு அச்சிறிதளவையும் பயன்படுத்துகின்றன. ஆகவே இயக்குநீரின் அளவோடு ஏற்பியின் ஆயுளையும் ஆராய வேண்டியுள்ளது.

அடையாளம் ஒட்டும் முறை

யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். மூவகை நொதிகள் அடுத்தடுத்துச் செயற்பட்டு இதனைப் பிற புரதங்களில் ஒட்டுகின்றன. எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்பதைத் தேர்வது மூன்றாம் வகையான லிகேஸ் நொதி. மனித உயிரணுக்களில் இவ்வகை நொதிகள் 600க்கும் மேற்பட்டவை. அடையாளம் பெற்ற புரதத்தைப் புரோட்டியசோம் சிதைக்கிறது. இதனைக் கண்டறிந்த ஆரன் சிக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோர் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். எனினும் எல்லா அடையாளமும் அழிவுக்குரியதன்று. யுபிக்விட்டின்கள் சங்கிலியாகக் கோக்கப்படும் முறையைப் பொறுத்து விளைவு மாறும்.

மூன்று நொதிகள், மூன்று விளைவுகள்

முதலாவது ஸ்பாப். இது லிகேஸ் தொகுதியில் இலக்கைப் பற்றும் உறுப்பு. ஆண்ட்ரோஜன் ஏற்பியின் இணைப்புப் பகுதியைப் பற்றி அதனை அழிவுக்கு அனுப்புகிறது. புராஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் ஸ்பாப் மரபணு திரிந்துள்ளது. திரிந்த ஸ்பாப் இலக்கைப் பற்றாததால் ஏற்பி நிலைத்துவிடுகிறது. ஏ.ஆர்.-வி7 என்னும் குறுகிய ஏற்பி வடிவத்தில் அவ்விணைப்புப் பகுதியே இல்லை. எனவே ஸ்பாப் நலமாயிருந்தும் அது தப்பிவிடுகிறது.

இரண்டாவது ஆர்.என்.எஃப்.6. 2009இல் வெளியான ஆய்வின்படி, இந்நொதி ஒட்டும் அடையாளம் ஏற்பியைச் சிதைப்பதில்லை. துணைப் புரதங்களை ஈர்த்து ஏற்பியின் செயலைத் தூண்டுகிறது.

மூன்றாவது சியா2. இது ஏற்பியை அழிக்கவே செய்கிறது. ஆனால் அழிவது ஒடுக்கும் புரதத்தோடு பிணைந்து செயலற்று டி.என்.ஏ.வில் அமர்ந்திருக்கும் ஏற்பி. அது விலகியதும் செயல்திறனுள்ள ஏற்பி அவ்விடத்தில் அமர்கிறது. இதனை 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஏற்பி அழிவதாலேயே புற்று வலுப்பெறுவது இதன் முரண்.

மருத்துவப் பயன்

இம்மூன்றையும் ஒப்பிட்டால், லிகேஸ்களைப் பொதுவாகத் தூண்டுவதோ தடுப்பதோ மருந்தாகாது என்பது தெளிவு. ஸ்பாப்பின் பணியை ஈடுசெய்ய வேண்டும். மற்ற இரண்டையும் ஒடுக்க வேண்டும். உயிரணுவின் வேறொரு லிகேஸை ஏற்பியருகே கொணர்ந்து ஏற்பியைச் சிதைக்கும் இருமுனை மருந்துமூலக்கூறு 2019இல் மனிதரிடம் சோதனைக்கு வந்தது. ஆயினும் அது இயக்குநீர் பிணையும் பகுதியையே பற்றுவதால், அப்பகுதியற்ற ஏ.ஆர்.-வி7க்கு எதிராகப் பயன்படவில்லை.

ஸ்பாப் திரிபுள்ள புற்று ஏற்பியையே பெரிதும் சார்ந்திருப்பதால், அபிராட்டிரோன் போன்ற இயக்குநீர்த் தடுப்பு மருந்துகளுக்கு நன்கு கட்டுப்படுவதாகவும் ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனவே இத்திரிபை அறிவது மருந்துத் தேர்வுக்கு உதவக்கூடும்.

முடிவுரை

ஸ்பாப் திரிபுகள் அம்மரபணுவின் சிறு பகுதியிலேயே குவிந்துள்ளன. மெழுகில் பதித்துக் காக்கப்படும் திசுத்துண்டிலிருந்தே அவற்றைக் கண்டறிய இயலும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. மாநிலப் புற்றுநோய்த் தரவுகளை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேட்டுத் திட்டம் தொகுக்கிறது. மாவட்டத்தில் எடுக்கப்படும் திசு மூலக்கூற்று ஆய்வகத்தை அடையவும், முடிவு மருத்துவரிடம் திரும்பவும் வழியமைந்தால், விலையுயர்ந்த மருந்து யாருக்குப் பயன்படும் என்பதை அதற்குச் செலவிடும் முன்பே ஓரளவு கணிக்கலாம். நிலத்தை அடகு வைத்து மருத்துவம் பார்க்கும் குடும்பங்களுக்கு அக்கணிப்பே பெரும் உதவி.